தீப்புலவன் முதல் சட்டம்பியார் வரை: கல்விச் செருக்கைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு சமூகம் எவற்றை மதித்தது என்பதை அதன் புகழ்ச்சொற்களிலிருந்து அறியலாம். அது எவற்றுக்கு அஞ்சியது, எவற்றை வெறுத்தது என்பவற்றை அறிவதற்கு இகழ்ச்சொற்களே துணைபுரிவன. கல்வியைத் தமிழர் கண்ணுக்கும் விளக்குக்கும் அழியாச் செல்வத்துக்கும் ஒப்பிட்டுப் போற்றினர் என்பது பலராலும் பலகாற் கூறப்பட்ட செய்தி. ஆயின் அதே மொழியில் கற்றவனை எள்ளுஞ் சொற்களும் காலந்தோறும் தோன்றி வந்துள்ளன. புல்லறிவாளன், தீப்புலவன், விதண்டாவாதி, அதிகப்பிரசங்கி, மேதாவி, பண்டிதர், சட்டம்பியார் என இவை நீண்டு செல்கின்றன. இவற்றுட் சில தொடக்கத்திலேயே இகழ்ச்சி குறித்தன. சில மதிப்புக்குரியனவாயிருந்து பின்னர் எள்ளலாயின. இச்சொற்கள் யாரை நோக்கி, எவ்வகை அவையில், எத்தேவை கருதி எறியப்பட்டன என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அகராதிப் பொருளைத் தொகுப்பது எமது கருத்தன்று. கல்வி எந்நிறுவனத்தின் வாயிலாகப் பிழைப்பையும் பெருமையையும் தந்ததோ, அந்நிறுவனத்தின் சாயலையே அக்காலத்து இகழ்ச்சொற்களும் பெற்றுள்ளன என்பதே நாம் நிறுவ விரும்புவது.

1. பெருமிதமும் வரிசையும்

முதற்கண் ஓர் உண்மையை மனங்கொள்ள வேண்டும். கற்றவன் தன் கல்வி பற்றிப் பெருமை கொள்வதைப் பழந்தமிழ் மரபு குற்றமாகக் கருதவில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிற் பெருமிதம் பிறக்கும் களங்கள் நான்கினை வகுக்கின்றார். கல்வி, தறுகண், இசைமை, கொடை என்பன அவை. போர்க்களத்து வீரத்தைக் குறிக்கும் தறுகணுக்கு முன்னதாகக் கல்வி வைக்கப்பட்டிருத்தல் நோக்கத்தக்கது. எனவே கல்வியாற் பிறக்கும் நிமிர்வு, மானமுடைய மனிதனுக்கு இயல்பான ஒரு மெய்ப்பாடாகவே கொள்ளப்பட்டது.

இதற்குச் சமூகக் காரணமும் உண்டு. சங்ககாலப் புலவன் பரிசில் பெற்று வாழ்ந்தவன். பரிசிலின் அளவு புலவனின் தகுதியை அரசன் அறிந்து கொள்வதிலே தங்கியிருந்தது. இதனையே அக்காலத்தோர் வரிசையறிதல் என்றனர். கபிலர் மலையமான் திருமுடிக்காரியைப் பாடிய புறநானூற்றுப் பாட்டொன்றில், கொடுத்தல் எளிது, வரிசையறிதலே அரிது எனக் கூறி, புலவர் எல்லோரையும் ஒரே நோக்காக நோக்குதலை விட்டொழிக்குமாறு வேண்டுகின்றார். தன் புலமையை வெளிப்படுத்தல் இங்கு வெறும் ஆரவாரமன்று. பிழைப்போடும் மானத்தோடும் ஒட்டிய செயல். அதியமானின் வாயிலிற் காக்க நேர்ந்தபோது, கல்வியுடையார்க்கு எத்திசைச் செல்லினும் சோறுண்டு என்ற கருத்தமைய ஒளவையார் பாடியமையும் இப்பெருமிதத்தின் வெளிப்பாடே. இக்காலப் பாடல்களிற் கல்விச் செருக்கினை இகழுங் குரல் ஓங்கி ஒலிக்காமை வியப்பன்று.

2. அறநூல்கள் தந்த சொற்கள்

சங்கமருவிய காலமென இலக்கிய வரலாற்றாசிரியர் வழங்குங் காலப்பகுதியில் நிலைமை மாறுகின்றது. கல்வி பாணரதும் புலவரதும் தொழிலாக மட்டுமன்றி, பள்ளிகளிலும் சமயக் குழுக்களிலும் பயிலப்படும் பொது ஒழுக்கமாக விரிகின்றது. கற்றோர் தொகை பெருகவே, கற்றவர் போல நடிப்பவர் தொகையும் பெருகுதல் இயல்பு. திருக்குறளிலும் நாலடியாரிலும் புல்லறிவாண்மை என்ற தலைப்பிலே தனி அதிகாரம் அமைந்திருப்பதும், இரு நூல்களும் அவையறிதல் என்பதற்கு வேறோர் அதிகாரம் வகுத்திருப்பதும் இப்பின்னணியிலேயே விளங்கிக் கொள்ளத்தக்கன.

வள்ளுவர் புல்லறிவுக்கு வெண்மை என்ற சொல்லை வழங்குகின்றார். தாம் அறிவுடையோம் எனத் தம்மைத் தாமே மதித்துக் கொள்ளுஞ் செருக்கே வெண்மையெனப்படும் என்பது அவர் தரும் வரைவிலக்கணம். இச்சொல் தனித்து நிற்பதன்று. வெளிறு, வெளியார், வெள்ளறிவு என்பன அதனோடு ஒரு குடும்பமாய் அமைவன. வெளிறு என்பது வயிரம் பாயாத மரத்தினைக் குறிக்கும். முற்றிய மரத்தின் நடுவே கருமையும் வன்மையும் உடைய வயிரம் இருக்கும். முற்றாத மரம் வெளுத்து மென்மையாயிருக்கும். புறத்தே பார்ப்போர்க்கு இரண்டும் மரமே. வாளிட்டு அறுக்கும்போதே வேறுபாடு தெரியவரும். வேளாண்மையும் தச்சுத் தொழிலும் அறிந்த மக்களின் வாழ்க்கையிலிருந்து பிறந்த உவமை இது. அறியாமையை இருளாகக் கூறும் பொது வழக்குக்கு மாறாக, போலியறிவை வெண்ணிறமாகக் கண்ட நுட்பம் வியந்து போற்றுதற்குரியது.

வள்ளுவர் இவ்வுவமையை மேலும் ஒருபடி கொண்டு செல்கின்றார். அறிவொளி உடையார் முன்னிலையில் தாமும் ஒளியுடையராய் விளங்க வேண்டும்; வெளியார் முன்னிலையிலோ வெண்சுண்ணத்தின் நிறத்தைத் தாமும் மேற்கொள்ள வேண்டும் என்பது அவர் கூறும் அறிவுரை. கல்லாதார் நடுவே கல்வியைக் காட்டாதிருத்தலும் கற்றவனின் கடமை என்பதே இதன் கருத்து. மாசற்ற சில சொற்களாற் பேசத் தெரியாதவரே பல சொற்களை அவாவுவர் என்றும், கல்லாத ஒன்றைக் கற்றது போல மேற்கொண்டு ஒழுகினால் ஐயமறக் கற்ற பொருளிலும் பிறர்க்கு ஐயம் தோன்றும் என்றும் அவர் கூறுவன அனுபவ உண்மைகள்.

நாலடியார் தருஞ் சித்திரம் இன்னுங் கூர்மையானது. அவையறிதல் அதிகாரத்தில் தீப்புலவன் என்ற ஒரு பாத்திரம் இடம்பெறுகின்றது. அவன் நாப்பாடம் சொல்லுபவன். அதாவது நாவளவில் மனனஞ் செய்தவற்றைப் பொருணயம் உணர்ந்தவன் போல ஒப்புவிப்பவன். அடக்கமுடையார் அவனோடு சேர்வதில்லை. சேரின், அவன் அவையிலே எதிராளியின் குடியைப் பழிப்பான். அன்றேல் தோளைத் தட்டிக்கொண்டு மற்போருக்கு எழுவான். நாப்பாடம் என்னும் ஒரு சொல்லில் ஒரு கல்விமுறையின் குறைபாடு முழுவதும் அடங்கியுள்ளது. கருத்தாற் பதிலிறுக்க இயலாதபோது பிறப்பை இழுத்தல் இன்று நேற்றுத் தோன்றிய வழக்கமன்று என்பதும் இதனாற் பெறப்படும். அதே அதிகாரம், புத்தகங்களைத் திரட்டி வீடு நிறைய வைத்துக் காப்பவரையும் அவற்றின் பொருளை அறிந்து பிறர்க்குத் தெளிவிப்பவரையும் வேறு வேறு புலவராகப் பிரித்துக் காட்டுகின்றது. ஏட்டுச்சுவடி அரிய செல்வமாயிருந்த காலத்திலேயே அதனை அணிகலன் போலச் சேர்த்து வைத்தவர் இருந்தனர் என்பதை இது காட்டும்.

3. வாதமும் விதண்டையும்

பௌத்தமும் சமணமும் வைதிக நெறிகளும் தம்முட் போட்டியிட்ட சூழலிலே பட்டிமண்டபம் என்னும் அவை முதன்மை பெறுகின்றது. மணிமேகலையின் தொடக்கத்தில் இந்திரவிழாவை அறிவிக்கும் வள்ளுவன், சமய வாதிகளைப் பட்டிமண்டபத்தின் முறையறிந்து ஏறுமாறு அழைக்கின்றான். மாறுபட்ட கொள்கையினரோடும் சினமும் கலகமும் கொள்ளாது விலகுமாறும் கூறுகின்றான். இத்தகைய அறிவித்தல் வேண்டப்பட்டது எனின், அச்சினமும் கலகமும் அக்காலத்து அரியன அல்ல என்றே ஊகித்தல் வேண்டும். குண்டலகேசி பற்றிய பௌத்த மரபுக் கதையில், அவள் ஊர்தோறுஞ் சென்று வாயிலிலே மணலைக் குவித்து நாவற் கிளையொன்றை நட்டு, தன்னோடு வாதிட வல்லார் அதனை மிதிக்கட்டும் என அறைகூவினாள். சமண நூலாகிய நீலகேசி, அக்குண்டலகேசியை வாதில் வென்ற கதையைக் கூறுகின்றது. கல்வி இங்கு கொடி நாட்டிக் கொள்ளும் வெற்றிப் பொருளாகின்றது.

இச்சூழலிலேயே தருக்க நூலாரின் பாகுபாடு தமிழிற் பரவிற்று. உண்மை காண வேண்டி நிகழ்வது வாதம். வெற்றியொன்றே கருதி நிகழ்வது செற்பம். தனக்கென ஒரு கொள்கையை நிறுவாது பிறர் கொள்கையை அழிப்பதே கருதுவது விதண்டை. இம்மூன்றனுள் முதலிரண்டும் நூல் வழக்காகவே நிற்க, விதண்டாவாதம் என்பது மட்டும் ஊர்ப் பேச்சிலே கலந்து இன்றுவரை வாழ்கின்றது. மக்கள் தமக்குத் தேவையான சொல்லை மட்டுமே நூலிலிருந்து எடுத்துக் கொள்வர் என்பதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு. பாட்டியலார் புலவரைக் கவி, கமகன், வாதி, வாக்கி என நால்வகைப்படுத்தியபோது வாதி என்பது மதிப்புக்குரிய பெயர். விதண்டை என்ற அடை சேர்ந்தவுடன் அதே பெயர் எள்ளலாயிற்று.

வடமொழியிலும் இதற்கு இணையான சொல்லுண்டு. தன்னைப் பண்டிதனாக எண்ணிக் கொள்பவன் பண்டிதம்மன்யன் எனப்பட்டான். அறியாமையுள் வாழ்ந்துகொண்டே தம்மை அறிஞரென எண்ணுவோர், குருடனால் வழிநடத்தப்படும் குருடரைப் போல அலைவர் என்னுங் கருத்துக் கடோபநிடதத்தில் உண்டு.

4. நன்னூலார் கண்ட வழி

பதின்மூன்றாம் நூற்றாண்டினதாகக் கொள்ளப்படும் நன்னூலில் இச்சிக்கல் விதியாகவே வகுக்கப்பட்டுள்ளது. எத்துணைச் சிறந்த நூலைச் செய்தவனாயினும் தன்னைத் தானே புகழ்தல் தகாது என்பது பவணந்தியார் கூறும் பொது விதி. இதனாலேயே நூலுக்குரிய சிறப்புப்பாயிரத்தைப் பிறரே செய்தல் மரபாயிற்று. தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் பாயிரஞ் செய்தமை இம்மரபின் தொன்மைக்குச் சான்றாகும். ஆயின் அடுத்த சூத்திரத்திலேயே அவர் விலக்கு நான்கினைத் தருகின்றார். அரசவைக்கு எழுதும் ஓலையிலும், தன் ஆற்றலை அறியாதார் நடுவிலும், அவையிலே வாதில் வெல்ல வேண்டிய பொழுதிலும், எதிராளி தன்னைப் பழித்தவிடத்தும் புலவர் தம்மைப் புகழ்தல் தகும் என்பது அது. இவற்றை நுணுகி நோக்கின், புலவனின் பிழைப்பும் மானமும் இடருறும் இடங்களே இவை என்பது புலப்படும். அன்றைய கல்வியாளனின் பொருளாதார நிலைக்கு நன்னூலார் காட்டிய இரக்கமாகவே இதனை நாம் கொள்ளலாம்.

நன்னூலார் ஆசிரியராகார் என விலக்கியோருக்குத் தரும் உவமைகள் எமது மண்ணுக்கு நன்கு பொருந்துவன. ஒருவன் கழற்குடம், கழற்சிக் காய்களை ஒழுங்காக இட்டாலும் கவிழ்க்கும்போது அவை முறைமாறி விழுவது போல, கற்றதை முறைமாற்றிக் கொட்டுபவன். ஒருவன் மடற்பனை, மட்டைகள் சூழ்ந்திருப்பதாற் பிறர் ஏற இயலாது, தானாக விழும் பழத்தையே தருவது போன்றவன். ஒருவன் பருத்திக் குண்டிகை. அரிதின் அடைத்துக் கொண்ட பஞ்சினை எளிதில் வெளிவிடாத குடுவை போன்றவன். ஒருவன் முடத்தெங்கு, நீர் வார்த்தவனை விட்டு அயலான் வளவிலே காயை விழுத்துபவன்.

இந்நான்கு உவமைகளுள் எதுவும் கல்வியைக் காட்டுதலைக் குற்றமாகக் கூறவில்லை. அவை இகழ்வன, கேட்போனுக்குப் பயன்படாத வகையிற் கல்வியை வைத்திருத்தலையே. கற்றதை விரித்துரைக்க மாட்டாதவரை மணமில்லாத மலர்க்கொத்துக்கு ஒப்பிட்ட வள்ளுவரும் இதே கருத்தினர். ஆகவே, காட்டுதல் மறைத்தல் என்ற இரண்டனுள் ஒன்று நன்று மற்றையது தீது என மரபு கொள்ளவில்லை. எதிரே இருப்பவன் பெறுவது யாது என்பதே அதன் அளவுகோல். எமது ஆராய்ச்சியில் நாம் கண்ட முதன்மையான முடிவு இதுவாகும்.

5. தண்டிகையும் அவையடக்கமும்

நாயக்கர் காலத்தையும் அதற்குச் சற்று முற்பட்ட காலத்தையும் பற்றி வழங்கும் கதைகள் புலமைச் செருக்கின் வேறொரு முகத்தைக் காட்டுவன. திருமலைராயன் அவையில் அதிமதுரகவியும் அவனைச் சூழ்ந்த அறுபத்துநான்கு தண்டிகைப் புலவரும் பல்லக்கிலே கட்டியங் கூறச் சென்றனர் என்றும், காளமேகம் அவர்களை எதிர்த்து யமகண்டம் பாடினான் என்றுங் கதை வழங்குகின்றது. வில்லிபுத்தூரர் தம்மிடம் தோற்ற புலவரின் காதை அறுத்தார் என்பது மற்றொரு கதை. படிக்காசுப் புலவர் பெயரால் வழங்கும் தனிப்பாடலொன்று, தலையிற் குட்டுவதற்குப் பிள்ளைப்பாண்டியனும், காதறுப்பதற்கு வில்லியும், தலை வெட்டுவதற்கு ஒட்டக்கூத்தனும் இல்லாது போனமையாலன்றோ அறிவிலிகளும் புலவரெனத் திரிகின்றனர் என்று இரங்குகின்றது.

இக்கதைகளை வரலாற்றுச் செய்திகளாகக் கொள்ள வேண்டியதில்லை. அவற்றைப் படைத்து வழங்கியோரின் மனநிலையே எமக்கு முக்கியம். போலிப் புலவரைத் தண்டிக்க வேண்டுமென்ற வேட்கையும், மெய்ப்புலவர் எவரென முடிவு செய்ய ஒரு கொடுங்கரம் வேண்டுமென்ற எண்ணமும் இவற்றில் ஒருங்கே காணப்படுகின்றன. ஆதரிக்கும் வள்ளல்களோ சிலர். அவர் வாயிலிலே நிற்கும் புலவரோ பலர். வித்துவக் காய்ச்சல் என நாம் இன்றும் வழங்குந் தொடர் இத்தகைய நெருக்கடியிலேயே பொருள் பெறுகின்றது. சொல்லணி பொருந்திய யமகம், திரிபு, மாலைமாற்று, நாகபந்தம், இதழ் ஒட்டாது பாடும் நிரோட்டம் என்பன பெருகியமைக்கும் இந்நெருக்கடி ஒரு காரணம் எனலாம். ஈழத்திலே அரசகேசரி இயற்றிய இரகுவமிசமும் கற்றோரே உரையின்றி உணர்தற்கரிய புலமை நடையுடையது. பிற்காலத்திற் கணேசையர் அதன் ஒரு பகுதிக்கு உரை காண வேண்டியிருந்தமை இதனை வலியுறுத்தும்.

இதே காலத்தில் அவையடக்கமும் ஒரு வாய்பாடாக இறுகிற்று. அவையடக்கியல் என்ற கருத்துத் தொல்காப்பியச் செய்யுளியலிலேயே உண்டு. கம்பர் தம்மைப் பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்கப் புகுந்த பூனைக்கு ஒப்பிட்டபோது அதில் உயிர்ப்பு இருந்தது. பின்வந்த தலபுராண ஆசிரியர் பலர் தமது தாழ்மையைக் கூறுவதற்கே உவமைகளை அடுக்கிப் புலமையைக் காட்டினர். தாழ்மையும் செருக்கின் ஊர்தியாகலாம் என்பதை இது உணர்த்துகின்றது.

6. அச்சியந்திரமும் கண்டனமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவை என்பது அச்சியந்திரத்துக்கு இடம் மாறுகின்றது. ஆறுமுக நாவலர் 1847ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 31ஆம் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே தமது முதற் பிரசங்கத்தை நிகழ்த்தினார். 1849இல் திருவாவடுதுறை ஆதீனத்தார் அவருக்கு நாவலர் பட்டம் வழங்கினர். பிரசங்கமும் துண்டுப் பிரசுரமும் கல்வியைப் பொதுமக்கள் முன்னிலைக்குக் கொணர்ந்தன. மறுப்பு, கண்டனம், பரிகாரம் என்ற சொற்கள் நூற்பெயர்களின் ஈற்றிலே நிலைபெற்றன. மிஷனரிமாரின் தாக்குதலுக்கு விடையாக 1854இல் வெளிவந்த சைவதூஷண பரிகாரம் ஒரு சமூகத்தின் தற்காப்பு. அதனை வெறும் புலமைச் செருக்கென ஒதுக்க இயலாது. ஆயின் கண்டனம் செய்யும் பழக்கம் சைவர் தம்முள்ளே திரும்பியபோது அதன் இயல்பு வேறுபட்டது.

இராமலிங்க அடிகளின் பாடல்கள் பற்றி எழுந்த அருட்பா மருட்பாப் பூசல் இதற்குத் தக்க சான்று. நாவலர் காலத்தில் தொடங்கிய இப்பூசல் அவர் மறைந்த 1879க்குப் பின்னரும் ஓயவில்லை. புலோலியைச் சேர்ந்த நா. கதிரைவேற்பிள்ளை ஒருபுறமும், கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலர் மறுபுறமும் நின்றனர். இருவரும் சதாவதானிகள். ஒரே நேரத்தில் நூறு செய்திகளைக் கவனத்தில் வைத்து விடையிறுக்கும் அவதானக் கலை, கல்வியை மக்கள் கண்முன் காட்சியாக நிகழ்த்துவது. கதிரைவேற்பிள்ளைக்கு வழங்கிய மாயாவாத தும்ச கோளரி என்ற பட்டம், மாயாவாதத்தைச் சிதைக்குஞ் சிங்கம் எனப் பொருள்படுவது. போரில் யானையைக் கொன்றவனுக்குரிய புகழ்மொழி, நூலை மறுத்தவனுக்கு உரியதாகின்றது.

இக்காலப் பிரசங்க மேடையின் சாயல் படிந்த சொல்லே அதிகப்பிரசங்கி. பிரசங்கி என்ற மதிப்புப் பெயரோடு அளவு மிகுதி குறிக்கும் அடை சேர்ந்து, இடமறியாது பேசுபவனை இது சுட்டுகின்றது. விதண்டாவாதி அமைந்த முறையும் இதுவே. தமிழ் மக்கள் வாதியையோ பிரசங்கியையோ வெறுக்கவில்லை. அளவு கடந்தவனை மட்டும் பிரித்துக் காட்ட ஓர் அடையைத் தேடிக்கொண்டனர். நாவலரின் பெருமையையும் இவ்வளவுகோலாலேயே அளத்தல் தகும். கண்டனத்திற் கடுமை மிக்க அதே பேரறிஞர், சிறார்க்கெனப் பாலபாடங்களை எளிய வசனநடையில் எழுதினார். அவர் கண்டனங்கள் இன்று ஆராய்ச்சியாளருக்கு மட்டுமே உரியன. பாலபாடங்களோ பல தலைமுறையினரை வாசிக்க வைத்தன.

7. சட்டம்பியாரும் பண்டிதரும்

ஈழத்து வழக்கிலே திண்ணைப் பள்ளி ஆசிரியர் சட்டம்பியார் எனப்பட்டார். ஆர் விகுதி பெற்ற மதிப்புச் சொல் இது. புதிய பாடசாலைகளும் பயிற்றப்பட்ட ஆசிரியர்களும் தோன்றியபின் சட்டம்பியார் பழைய உலகத்தவரானார். வகுப்பறைக்கு வெளியேயும் எல்லோரையும் மாணாக்கராக எண்ணித் திருத்த முற்படுபவனது இயல்பு சட்டாம்பித்தனம் எனப்பட்டது. பிற்காலப் பத்திரிகைகளில் அது வலியார் மெலியார்மேற் செலுத்தும் அதிகாரத்துக்கும் பெயராயிற்று. ஆங்கிலத்திற் புலமையாரவாரம் செய்வோனைக் குறிக்கும் பெடன்ற் என்ற சொல்லும், பள்ளியாசிரியனைக் குறித்த இத்தாலியச் சொல்லொன்றிலிருந்து வந்ததே. வேறு வேறு சமூகங்கள் ஒரே வழியிற் சென்றமை கருதத்தக்கது. வறிய ஊதியம் பெற்று ஊரவர்க்கு எழுத்தறிவித்தவரே இருவிடத்தும் ஏளனத்துக்கு ஆளாயினர்.

பண்டிதர் என்ற சொல்லின் வரலாறு இதனினும் துயரமானது. 1901இல் நிறுவப்பட்ட மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் தேர்வுகளும், 1921இல் யாழ்ப்பாணத்திலே தோன்றிய ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கத்தின் பிரவேச பண்டித, பால பண்டித, பண்டித தேர்வுகளும் அச்சொல்லை ஒரு கல்வித் தகுதியாக்கின. ஆங்கிலமே உத்தியோகத்துக்கு வாயிலாக இருந்த காலம் அது. ஆங்கிலக் கல்விக்குப் பொருள்வசதியற்ற கிராமத்து மாணவர் பலர், விளக்கொளியில் இலக்கணமும் உரைகளும் கற்று இத்தேர்வுகளிற் சித்தியடைந்தனர். அவர்களை ஆங்கிலங் கற்றோர் உலகியல் அறியாதவரென எள்ளினர். இது ஒரு புறத்தாக்குதல்.

மறுபுறத் தாக்குதல் 1960களின் தொடக்கத்தில் வந்தது. முற்போக்கு எழுத்தாளர்கள் பேச்சுவழக்கைச் சிறுகதையிலும் நாவலிலும் கையாண்டபோது, மரபு பேணிய அறிஞர் சிலர் அதனை இழிசனர் வழக்கு என்றனர். எழுந்த விவாதத்திற் பண்டிதர் என்பதே பழமைவாதிக்குப் பெயராகியது. பண்டிதத்தனம் என்ற சொல் பரவிற்று. இவ்விடத்தில் நாம் நடுநிலையாக இரண்டு செய்திகளைக் குறிப்பிட வேண்டும். முதலாவது, இழிசனர் என்ற சொல் மொழியைக் குறிப்பதாகக் கூறப்பட்டாலும் மக்களையே குறித்தது. சாதி காரணமாகப் பள்ளிக்கூட வாயிலில் நிறுத்தப்பட்ட ஒரு பரம்பரையினர் பேனா எடுத்தபோது, உமக்கு இலக்கணந் தெரியாது என்பது குடியைப் பழிக்கும் வேறொரு முறையாகவே முடிந்தது. நாலடியார் காட்டிய தீப்புலவன் ஈண்டு நினைவுக்கு வருகின்றான். கீழ்க்குடியிற் பிறந்தும் கற்றவரின் பெருமையை, மேற்குடியிற் பிறந்தும் கல்லாதவர் பெறார் என்ற வள்ளுவர் கருத்தை மேடைதோறும் கூறியோரே இதனைச் செய்தனர். இரண்டாவது, பண்டிதர் என்ற சொல்லை இகழ்ச்சியாக்கியோரும், அதனை அரிதின் உழைத்துப் பெற்ற ஏழைக் கிராமத்தவரின் கண்ணீரை எண்ணிப் பார்த்தாரல்லர்.

பல்கலைக்கழகத்துத் தமிழறிஞர் எல்லோரும் மரபுப் பக்கத்தில் நின்றனர் எனவுங் கூறவியலாது. இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய க. கணபதிப்பிள்ளை, பழந்தமிழ்ச் சாசனங்களில் ஆழ்ந்த புலமையுடையவராயிருந்தும், 1940இல் வெளிவந்த நானாடகத்தில் யாழ்ப்பாணப் பேச்சுமொழியையே கையாண்டார். வயிரம் பாய்ந்த மரம் தன்னை வெளிக்காட்ட அவாவுவதில்லை.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றாற் சில முடிவுகள் பெறப்படுகின்றன. அரசவைக் காலத்திற் பெருமிதம் ஏற்புடையதாயிற்று. அறநூற் காலத்தில் வெண்மையும் நாப்பாடமும் இகழப்பட்டன. வாதக் காலம் விதண்டாவாதியையும், பிரசங்க மேடை அதிகப்பிரசங்கியையும், பள்ளியும் தேர்வும் சட்டாம்பித்தனம், பண்டிதத்தனம் என்பவற்றையும் தந்தன. ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தனக்குரிய மதிப்புச் சொல்லைப் படைத்துச் சில தலைமுறைக்குள் அதனையே எள்ளலாக விட்டுச் சென்றுள்ளது.

இச்சொற்கள் இருமுனைக் கருவிகள் என்பதும் தெளிவு. பொருளுணராது ஆரவாரிப்போனை அடக்குதற்கு அவை பயன்பட்டன. புதிதாகக் கற்றுவந்த எளியவனைப் பேசாதிருக்கச் செய்வதற்கும் அவையே பயன்பட்டன. கேள்வி எழுப்பும் மாணவனை அதிகப்பிரசங்கி என அமர்த்துதலும், மறுத்துப் பேசும் இளையோனை மேதாவி என நகைத்தலும் எமது வீடுகளிலும் பாடசாலைகளிலும் அன்றாடம் நிகழ்வன. அவ்விடங்களில் அச்சொற்கள் செருக்கை அடக்குவனவல்ல. செருக்கின் கையிலுள்ள பிரம்பு ஆகின்றன.

இறுதியாக, இவ்வாராய்ச்சியின் சுட்டுவிரல் எம்மை நோக்கியும் திரும்ப வேண்டியுள்ளது. இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கலைப்பீடப் பாடங்கள் 1960இலிருந்து தாய்மொழியிற் கற்பிக்கப்பட்டன. கல்வி எமது கிராமங்களுக்கும் உரியதாக வேண்டும் என்பதே அம்மாற்றத்தின் பயன். ஆயின் கலைச்சொற்களை அடுக்கி, மேனாட்டறிஞர் பெயர்களைக் கோத்து, எளிய கருத்தொன்றை ஏறவியலாத மடற்பனையாக்கும் எழுத்து எமது ஆய்விதழ்களிலும் இடம்பெறாமலில்லை. எமது கட்டுரைகளும் அக்குற்றத்துக்கு முற்றிலும் புறம்பானவையென நாம் உரிமை கோரோம். எம்மைப் போன்றோருக்கென வருந் தலைமுறை ஒரு புதிய இகழ்ச்சொல்லை ஆக்கிக் கொள்ளுமாயின், அதில் வியப்பதற்கு ஏதுமில்லை. அச்சொல் எது என்பதைத் தீர்மானிப்பவர் நாமல்லர். எமது எழுத்தை வாசிக்கும் ஊராசிரியரும், அவரிடங் கற்கும் சிறாருமே தீர்மானிப்பர். அவர்கள் கைக்கு எமது கல்வியில் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்ற வினாவுக்கு நாம் தரும் விடையே எமது பெருமிதம் மெய்யா வெளிறா என்பதைக் காட்டும்.